காவலாளியின் குரலும் போய்விட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. என் குட்டி ரேடியோவைக் கணினியில் செருகி, செயற்கைக்கோள் அனுப்பும் மேகப் படத்தைப் பிடிப்பேன் இல்லையா? படம் கோணலாக வந்தது. அந்த மென்பொருளை முகம் தெரியாத பலர் சேர்ந்து இலவசமாக எழுதுகிறார்கள். பிழை வந்தால், பிடித்த அலையின் பதிவை அப்படியே அவர்களின் பொதுப் பக்கத்தில் போடுவோம், யாராவது சரிசெய்வார்கள். நானும் போட்டேன். பக்கத்து அலைவரிசையில் இருந்த விடுதிக் காவலாளியின் வாக்கிடாக்கிப் பேச்சும் அதோடு போய்விட்டது.

அந்தக் குழுவில் எங்கோ ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர்தான் கண்டுபிடித்தார். "பாப்பா, பின்கேட்டு பூட்டு உடைஞ்சிருக்குன்னு யாரோ பேசுறாங்க. முதல்ல அத எடுத்துடு" என்று எழுதினார். எடுத்துவிட்டேன். ஒருவரும் திட்டவில்லை. அங்கே தவறை ஒப்புக்கொண்டால் நன்றி சொல்வார்கள். அதே பழக்கத்தில் வார்டனிடமும் நானே போய்ச் சொன்னேன்.

"ஒட்டுக்கேக்கத்தான் உன்னப் படிக்க அனுப்பினாங்களா? வெள்ளிக்கிழமை உங்கம்மா வரட்டும், பெட்டியோட அனுப்புறேன்" என்றார். ரேடியோவும் கணினியும் அவரிடம்தான் இருக்கின்றன.

அம்மா, என்னை அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அந்தக் குழுதான் பேசும். இப்போது அதுவும் இல்லை. நீ கட்டாயம் வா. இரண்டு சோப்பும் என் பெரிய போர்வையும் கொண்டுவா. போர்வையைப் பார்த்தால், நான் இங்கேயேதான் இருக்கப்போகிறேன் என்று வார்டனுக்குத் தோன்றும். குழுவின் பக்கத்தில் என் படம் நேரானதா என்று வீட்டில் நம் அண்ணனைப் பார்க்கச் சொல்.

வார்டன் சுற்றிவரும் டார்ச் வெளிச்சம் தெரிகிறது. பால்காரர் காலையில் இதைத் தபாலில் போடுவார். போர்வையை மறந்துவிடாதே, அம்மா.

உன் மகள்