தட்டு மாற்ற வேண்டாம்

சோறும் பருப்பும் அடுப்பில் மூடி இருக்கின்றன. நம் மகள் தெய்வானையைத் தன் மகனுக்குக் கேட்டு உங்கள் அக்கா உக்குவளையிலிருந்து பகல் பஸ்ஸில் வருகிறார். சாப்பிடச் சொல்லுங்கள். வெற்றிலைத் தட்டு மட்டும் மாற்றாதீர்கள்.

டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? "மூத்திரத்தப் போத்தல்ல வெச்சுப் பாருங்க. கறுத்துச்சுன்னா ஒங்க முதுகுவலிக்கு அதான் காரணம். பரம்பரை வியாதி. சொந்தத்துல கட்டினா பிள்ளைங்களுக்கும் வரும்."

நேற்று அந்தப் போத்தலைக் கொட்டியது யார்? பூனை என்றீர்கள். தக்கை மூடியபடியே இருந்தது. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் மூத்திரத்தை இன்னொரு போத்தலில் எடுத்து வைத்தேன். கறுத்துவிட்டது. அதைத்தான் மாத்தளைக்கு டாக்டரிடம் கொண்டுபோகிறேன். தெய்வானையும் என்னோடு வருகிறாள்.

அக்கா தன் மகன் பிறந்தபோது, அவன் நனைத்துக் கறுத்த துணியை உங்களிடம் தூக்கிக் காட்டி, "மாமன மாதிரியே கறுப்பா மூத்திரம் பேயுறான் பாரு! ஒனக்கு மக பொறந்தா இவனுக்குத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே தெரியுமா?

ஒத்தடத்துக்குத் தவிடு வறுத்து வைத்திருக்கிறேன். சூடாக்கிக்கொள்ளுங்கள்.

அக்காவின் முகத்தைப் பார்த்து உங்களால் மறுக்க முடியாது. "அவதான் ஒத்துக்கல" என்று பழியை என்மேல் போடுங்கள். அது பொய்யில்லை.