முன்வாசல் ஆனை நெருஞ்சி

நம் இளைய மகளுக்கு நீர்க்கடுப்பு. இந்த எத்தாளை ஊர் வெயில் அப்படி. மருந்துக்கு ஆனை நெருஞ்சி ஒடித்து வா என்று அவளையே அனுப்பினேன். பின்வேலிக்குப் போகாமல் முன்வாசலில் நிற்கும் உங்கள் செடியையே ஒடித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏசுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பச்சை வாடை என் கைக்கு வந்துவிட்டது. ஏச முடியவில்லை, மச்சான்.

மன்னாரை விட்டு இங்கே வந்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்த காலத்தில், பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேட்டால் நீங்கள் நம் வீட்டு வளவைத்தான் சொல்வீர்கள். "நம்மட வாசல்ல ஆனை நிக்கும். கிணத்தடியில தேள் கொடுக்கைத் தூக்கிட்டு நிக்கும். கடற்கரைக்குப் போனா ஆட்டுக்கால்." ஆனை நெருஞ்சி, தேள்கொடுக்கு, ஆட்டுக்காலடம்பு, எல்லாம் செடி கொடிதான் என்று நான் உண்மையை உடைத்தால், "கொஞ்சம் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு புள்ள" என்பீர்கள். நிஜ ஆனை என்றே பிள்ளைகள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள்.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் ஊர் பார்க்க பஸ் ஏறினீர்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது கையில் ஓர் ஈரச் சாக்கு. அவிழ்த்தால் வேரோடு ஒரு ஆனை நெருஞ்சி. வழியெல்லாம் மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தீர்களாம்.

"பாரு, நம்மட வாசல்ல நிண்டது. இனியும் ஊருக்கு வரமாட்டனெண்டு சொல்லுவியா?"

நான் சிரித்துவிட்டேன். "இந்த முள்ளுப் பிடிச்ச முசீபத்தா? பின்வேலி முழுக்க இதுதானே கிடக்கு. மாம்புரித் தோட்டத்துக்கு வேலைக்குப் போற வழியெல்லாம் மிதிச்சிட்டுத்தான் போறன்."

உங்கள் முகம் விழுந்துபோனது. "இங்கயும் இருக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள். இருபது வருஷம் இந்த மண்ணில் உப்பு வாரியும் பின்வேலியை நீங்கள் ஒருநாள் திரும்பிப் பார்த்ததில்லை. நாளைக்கே போகிறவர் போலத்தான் எப்போதும் இருந்தீர்கள். நான் அப்படியில்லை. ஒரு உடுப்புப் பையோடு ஓடி வந்தவள். இன்னொரு தரம் எல்லாவற்றையும் விட்டு எழும்ப எனக்குத் தெம்பிருக்கவில்லை. அதைச் சொல்லாமல் செடியைச் சொல்லிச் சிரித்தேன்.

ஆனாலும் அதை முன்வாசலில் நட்டுத் தண்ணீர் ஊற்றினீர்கள். நெருஞ்சிக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? பிறகு தனியாகவே மன்னாருக்குப் போய், வளவில் மண்டிய காடு வெட்டி, ஒரு கொட்டிலும் போட்டீர்கள். வரமாட்டேன் என்றவள் உங்கள் ஜனாஸாவைப் பார்க்கத்தான் அங்கே வந்தேன். அந்த வாசலில் கால் வைத்ததும் செருப்பில் ஏறியது ஆனை நெருஞ்சி முள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாரிக்கும் இங்கே எத்தாளை முன்வாசலில் முளைப்பதை யாரையும் தொட விட்டதில்லை. மருந்துக்குப் பின்வேலிச் செடிதான்.

இன்று முதன்முறையாக உங்கள் செடியைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினேன். முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தடித்து வந்தது. பின்வேலிச் செடியும் இப்படித்தான் தடிக்கும், எனக்குத் தெரியாதா? இருந்தும் மகளுக்குக் கொடுக்கும் முன் நான் ஒரு மிடறு குடித்தேன்.

"என்ன உம்மா, உங்களுக்கும் கடுப்பா?" என்றாள்.

"இல்ல மகள். இது நம்மட ஊர்ச் செடி" என்றேன்.

அன்றைக்குச் சாக்கை அவிழ்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நின்றீர்களே, நீங்கள் என் வாயால் கேட்க நினைத்தது இவ்வளவுதான், மச்சான்.