என் பெயரில் அவள் நடந்தது

14 ஜூலை 2025, திங்கள்

அலுவலகத்தில் எல்லோருக்கும் கைப்பட்டை கொடுத்தார்கள். கறுப்பு ரப்பர், சின்னத் திரை. திரையில் மணி மட்டும் தெரியும். மற்றதெல்லாம் கைப்பேசிக்குப் போகிறது: காலடி, இதயத் துடிப்பு, தூக்கம். ஒரு போட்டி: நாளுக்குப் பத்தாயிரம் காலடி, ஆறு வாரம், ஆகஸ்ட் 22இல் முடிவு.

எங்கள் பத்திரிகையில் உடல்நலப் பக்கம் எழுதுகிறவன் நான். நீதிமன்றம், தீ விபத்து, தேர்தல் என்று முப்பத்தெட்டு ஆண்டு ஓடிய பிறகு அந்தப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். 'தினமும் அரை மணி நேரம் நடங்கள்' என்று எத்தனை வாரம் எழுதியிருப்பேன். இன்று என் எண்ணிக்கை 2,140.

தேநீர் எடுக்கும்போது விளையாட்டுப் பக்கத்து மருதப்பன் பக்கத்தில் வந்து நின்றான். "பாய், அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது இதையும் பார்ப்பாங்களாம் லா." எனக்கு அறுபத்தாறு. ஒப்பந்தம் இந்த ஆகஸ்ட் 31 வரை.

16 ஜூலை, புதன்

பயிற்சியாளர் வந்தார். நிரஞ்சனா, இருபத்தேழு வயது இருக்கும். இனி ஒவ்வொரு புதன்கிழமையும் வருவாராம். முதல் கேள்வியே, "உடம்பு அசையறது, எக்சர்சைஸ், ஃபிட்னஸ், மூணும் ஒண்ணா?" ஒன்றுதான் என்று பாதிப் பேர் தலையாட்டினோம். இல்லையாம். வீடு கூட்டுவது, சந்தைக்குப் போவது, மாடி ஏறுவது எல்லாம் உடலசைவு. நேரம் ஒதுக்கித் திட்டமாகச் செய்வது பயிற்சி. வேண்டிய நேரத்தில் உடம்பால் என்ன முடிகிறது என்பது தகுதி. தெளிவாகச் சொன்னார். நான் எழுதிய கட்டுரைகளில் மூன்றையும் குழப்பித்தான் எழுதியிருக்கிறேன்.

பிறகு நாற்காலிச் சோதனை. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது. எனக்கு ஒன்பது.

"அங்கிள், உங்க வயசுக்குக் குறைஞ்சது பன்னிரண்டு வரணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நாற்காலி உயரம் சரியில்லை என்றேன்.

17 ஜூலை

வீட்டில் மனைவி ஃபஸீலாவிடம் நாற்காலிச் சோதனையைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். தோளில் கிடந்த துண்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். நான் கடிகாரம் பார்த்தேன். பதினேழு.

"இதுக்குப் போயி சம்பளம் கொடுத்து ஆளு வச்சிருக்காங்களா உங்க ஆபீஸ்ல?"

இருபத்திரண்டு ஆண்டாகத் தேக்கா சந்தையில் ஆட்டுக்கால் சூப் கடை நடத்துகிறாள். மார்ச் மாதம் பாலிகிளினிக்கில் அவளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்தான் நிரப்பினேன். வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி? 'இல்லை' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அதற்குமேல் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

21 ஜூலை, திங்கள்

3,300. 2,900. 4,050. நேற்று ஜாலான் புசார் சாலை முழுவதும் நடந்து பார்த்தேன். இரண்டாவது பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். வலது முட்டி. அலுவலகப் பட்டியலில் என் மாடியில் நான் கடைசி. பெயரோடு ஒட்டியிருக்கிறார்கள்.

வேலை போனால் என்ன செய்வேன்? கேள்வி கேட்பதையும் கேட்டதை எழுதுவதையும் தவிர எனக்கு என்ன தெரியும்?

22 ஜூலை, செவ்வாய்

காலையில் பட்டையை ஃபஸீலாவின் கையில் கட்டினேன். "ஆபீஸ்ல ரெண்டு கொடுத்தாங்க. ஒண்ணு உனக்கு."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சூப் கொட்டினா கெட்டுப்போவாதே?" என்றாள். கெடாது என்றேன். எதிர்க்கடை ஹஸீனாவிடம், "எங்க வீட்டுக்காரருக்கு இப்பத்தான் என் நெனப்பு வந்திருக்கு" என்று சொன்னாளாம். அதையும் அவளே சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள்.

மாலையில் அவள் வீடு வந்ததும் பட்டையிலிருந்து என் கைப்பேசி கணக்கை எடுத்துக்கொண்டது. 15,480.

ஒரு சூப் கடைக்குள் எங்கே பதினைந்தாயிரம்? யோசித்துப் பார்த்தேன். வீடு இருக்கும் ஃபேரர் பார்க்கிலிருந்து கடைக்கு நடந்து போகிறாள். இறைச்சிக் கடைக்கு மூன்று நடை. மேசைக்குத் தட்டு. திரும்பக் காலித் தட்டு. மத்தியானம் வீட்டுக்கு வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டு மறுபடியும் கடை. திருமணமாகி முப்பத்தாறு ஆண்டு. இந்த எண் எனக்கு இன்றுதான் தெரிகிறது. அதுவும் என் பெயருக்கு நேரே.

30 ஜூலை, புதன்

புதன்கிழமைகளில் மட்டும் 'சார்ஜ் போடணும்' என்று வாங்கி நான் கட்டிக்கொண்டு போகிறேன். மற்ற நாளில் வெறும் மணிக்கட்டு தெரியாமல் முழுக்கைச் சட்டை.

என் மாடியில் மூன்றாவது இடம். மருதப்பன் உரக்கக் கேட்டான், "என்ன பாய், ஹஜ்ஜுக்கு நடந்தே கெளம்பிட்டீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கைப்பேசியில் ஓர் எச்சரிக்கை. பிற்பகல் 2.40க்குப் பதிவானது. 'ஓய்வில் இருந்தபோது உங்கள் இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருந்தது. மருத்துவரை அணுகவும்.' நிமிடத்துக்கு 134.

2.40க்கு நான் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் இருந்தேன். என் கையில் ஒன்றும் இல்லை.

"நெஞ்சு படபடன்னு இருக்கா?" என்று கேட்டேன்.

"அடுப்பு முன்னால நின்னா யாருக்குத்தான் இல்ல? போயி ஆஸ்பத்திரியில உக்காந்தா சூப்பை யாரு பாக்கிறது? நீங்களா?"

அதோடு விட்டேன். எச்சரிக்கை வந்ததை அவளிடம் சொல்லவில்லை. ஏன்? கொண்டுபோய்க் காட்டினால் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். காலடி நின்றுபோகும். இன்னும் பதினேழு நாள். எழுதிவிட்டேன். இதுதான் காரணம், வேறு இல்லை.

6 ஆகஸ்ட், புதன்

நிரஞ்சனா தனியாகக் கூப்பிட்டார். எல்லோருடைய கணக்கும் அவர் கணினியில் தெரிகிறது. "அங்கிள், நேத்து மத்தியானம் உங்களுக்கு என்ன ஆச்சு? சீரியஸா கேக்கறேன்."

"காப்பி கொஞ்சம் அதிகம்."

"காப்பி இப்படிப் பண்ணாது. இந்த வாரமே இசிஜி எடுத்திடுங்க. ப்ளீஸ்."

அந்தப் பெண்ணின் முகத்தில் நிஜமான கவலை. தவறான ஆளைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

இசிஜி எடுத்தேன். சுத்தமாக இருக்கிறது. "இந்த வயசுல இப்படி ஒரு ரிப்போர்ட் எல்லாருக்கும் வராது" என்றார் மருத்துவர். ஒரு பிரதியை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினேன்.

பேருந்தில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் இதயம் நன்றாக இருக்கிறது என்றால் அந்த 134 சந்தேகமில்லாமல் அவளுடையது. இதற்கு இரண்டாவது ஆதாரம் தேவையில்லை. மடித்துப் பையில் வைத்தேன்.

10 ஆகஸ்ட்

இன்று எச்சரிக்கை இரண்டு முறை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மத்தியானம் கடைப்பக்கம் போனேன். கவிழ்த்த பால் கூடையின்மேல் உட்கார்ந்திருந்தாள். கடையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "சும்மா. கால் உளையுது" என்றாள். மணிக்கட்டில் பட்டை. இன்னும் பத்து நாள்.

16 ஆகஸ்ட், சனி

ஹஸீனா கூப்பிட்டாள். "அண்ணே, சீக்கிரம் வாங்க. அக்கா விழுந்துட்டாங்க. வாய் ஒரு பக்கமா போவுது."

நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பக்கவாதம். பெரியது இல்லை என்கிறார்கள். பேச்சு திரும்பிவிட்டது. இடது கால் இல்லை. காலா இல்லை? கால் இருக்கிறது. அவள் சொல்வதைக் கேட்கவில்லை.

நடந்தது நடந்தபடி:

மருத்துவர் கேட்டார், துடிப்பு எப்போதிருந்து ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று தெரியுமா. கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். ஆகஸ்ட் 5, 10, 12, 14, 15. நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "அக்கவுன்ட்ல சேக் தாவூதுன்னு இருக்கே. இது யாரோட ரீடிங்?"

"அவளோடது. என் பெயர்ல."

ஃபஸீலா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

முன்பே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்: "முன்னாடியே மருந்து தொடங்கியிருந்தா வாய்ப்பு கொறஞ்சிருக்கும். கண்டிப்பா தடுத்திருக்கும்னு சொல்ல மாட்டேன்." இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன். முதல் வாக்கியம்தான் நிற்கிறது.

அவர் போன பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். "ரெண்டு கொடுத்தாங்கன்னு சொன்னீங்க."

"ஒண்ணுதான்."

"பதினோரு நாளாத் தெரியுமா?"

"தெரியும்."

சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றாள். உடம்பு திரும்பவில்லை. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். தாதியைக் கூப்பிட்டாள்.

20 ஆகஸ்ட், புதன்

மனிதவள அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "ஸ்டெப்ஸுக்கும் கான்ட்ராக்டுக்கும் என்ன சம்பந்தம்? அது சும்மா ஒரு போட்டி, மிஸ்டர் தாவூது. உங்க மெடிக்கல் கிளியர். வேலையும் நல்லா இருக்கு. புதுப்பிக்கிற கடிதம் ஜூலை ஏழாம் தேதியே தயார். யார் சொன்னா உங்களுக்கு?"

ஜூலை ஏழு. பட்டை கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே.

மருதப்பனைப் போய்ப் பிடித்தேன். "நான் கேள்விப்பட்டேன்னுதான சொன்னேன் பாய். 'பார்ப்பாங்களாம்'னு." ஆமாம், அப்படித்தான் சொன்னான். தேதி போட்டு இங்கேயே எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்காமல் எழுதி வந்தால் தாளைத் திருப்பி எறிந்திருக்கிறேன். எத்தனை இளைய நிருபர்கள் என்னால் அழுதிருக்கிறார்கள். மனிதவளப் பிரிவு என் மேசையிலிருந்து ஒரு மாடி மேலே. ஏறிப் போய்க் கேட்கவில்லை. அந்த ஒரு மாடி.

2 செப்டம்பர்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடையைப் பார்க்க ஆளில்லை.

கடைசிக் கட்டுரைக்குக் கீழே ஒரு திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். "வீட்டு வேலை, கடை வேலை எதுவும் உடற்பயிற்சி ஆகாது, எனவே கணக்கில் வராது" என்று 2023இல் எழுதியிருக்கிறேன். பயிற்சி ஆகாது என்பது சரி. கணக்கில் வராது என்பது பிழை. ஆசிரியர் சொன்னார், "ரெண்டு வருஷம் முன்னாடி வந்ததுக்கு இப்ப யாருங்க திருத்தம் கேட்டா?"

யாரும் கேட்கவில்லை.

11 செப்டம்பர், வியாழன்

காலை ஐந்தரையிலிருந்து கடை. எலும்பு கழுவுவது, பானை, தட்டு, மேசை. மாலைக்குள் இடுப்பு போய்விடுகிறது. கையில் பட்டை எதுவும் கட்டவில்லை.

உடலியக்கச் சிகிச்சையாளர் அவளிடம் கேட்டார், "என்ன செய்ய முடியணும்னு ஆசைப்படறீங்க? பார்க்ல நடக்கணுமா?"

"பார்க்ல எனக்கு என்ன வேலை? சூப் பானையை அடுப்புலேர்ந்து எறக்கணும். பன்னெண்டு கிலோ."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாளாம்.

4 அக்டோபர்

தடி இல்லாமல் சமையலறை வரை நடந்தாளாம். ஹஸீனா சொல்லித்தான் தெரியும்.

19 அக்டோபர், ஞாயிறு

என்னோடு பேசுகிறாள். உப்பு, மருந்து, வாடிக்கையாளர் பெயர். அதற்குமேல் இல்லை. நான் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "மிளகு பத்தல" என்றாள்.

3 நவம்பர், திங்கள்

எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி பழுது பார்க்கிறார்கள். மாலை வரை ஓடாது. சிகிச்சையிலிருந்து வந்த நாங்கள் கீழே நின்றோம். எங்கள் வீடு நான்காம் மாடி. காத்திருக்கலாம் என்றேன். அவள் கைப்பிடியைப் பிடித்து நல்ல காலை முதல் படியில் வைத்தாள்.

நான் இரண்டு படி பின்னால் போனேன். விழுந்தால் பிடிக்க.

முதல் திருப்பத்தில் நின்றாள். "வாய்க்குள்ள எண்ணுறீங்க."

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பதினொன்று.

"எண்ணாதீங்க. இங்கேயே இருங்க."

நின்றேன். தேய்ந்து தேய்ந்து ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியில் நெடுநேரம் நின்றது. கூப்பிடுவாள் என்று பார்த்தேன். மறுபடி தொடங்கியது. வெகு நேரத்துக்குப் பிறகு மேலே எங்கள் வீட்டு இரும்புக் கதவு திறந்து மூடியது.

அதன் பிறகு நான் ஏறினேன். மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.