பின் சில்லில் ஒயில்

செவ்வாய், இரவு.

நான் ஓட்டும் பள்ளிக்கூட வானின் பின் சில்லில் திரும்பவும் ஒயில் கசிகிறது. போன கிழமை நானே அச்சைக் கழற்றி, ஒயிலைத் தடுக்கும் புதுச் சீல் போட்டேன். தட்டி இறக்கும்போது சீல் சரிந்துவிட்டது போல. பிரேக்கிலும் ஒயில் பட்டிருக்கிறது. இன்று துறைமுக இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது வான் ஒரு பக்கம் இழுத்தது.

"கராஜில குடுங்கோவன்," என்றாள் மனைவி.

"கிழமைக்கணக்கில வைச்சிருப்பாங்கள். பிள்ளைகளை ஆர் ஏத்துறது? ஞாயிறு நானே திரும்பக் கழட்டுறன்."

அவள் சண்டை பிடிக்கவில்லை. சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு, "அதுவரைக்கும் மகளை நான் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போறன்," என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

சற்றுமுன் டோர்ச் அடித்து வானுக்குள் பார்த்தேன். மகளின் குடையை மனைவி எடுத்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளின் குடைகள் பின் சீட்டில் அப்படியே கிடக்கின்றன.