ரைஸ் மில்லுக்கு ஆள் கேட்ட கூட்டம்

தை 18, புதன்

சுற்றுவட்டார ரைஸ் மில்காரர்களையும் எங்கள் ஐ.டி.ஐ. வாத்தியார்களையும் திருவிடைமருதூரில் இன்று ஒன்றாக உட்காரவைத்தார் கலெக்டர். மில்களுக்கு வேண்டிய தொழிலை ஊர்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் கற்றுத்தர வேண்டுமாம்.

ஊர்ப் பெரியவர்களோடு வந்திருந்த எங்கள் ஊர் மிராசுதார் எழுந்தார். "எல்லாரும் மில்லுக்குப் போயிட்டா அறுப்புக்கு யாருங்க வருவா?"

கூலித் தகராறுக்குப் பிறகு அவர் முகத்தையே பார்க்காதவர் விவசாயக் கூலிச் சங்கத் தலைவர் மாரிமுத்து. அவரும், "ஐயா சொல்றது சரிதாங்க, அப்புறம் சங்கத்துல யாரு மிஞ்சுவா?" என்றார். இந்த ஒற்றுமைதான் இன்னும் மண்டையைக் குடைகிறது.

கூட்டம் கலைந்ததும் மிராசுதார் என் சைக்கிளருகே வந்தார். "உச்சவரம்புச் சட்டத்துல நிலம் போயிடும்போல இருக்கு சார். நம்ம பையனை ஐ.டி.ஐ.யில சேர்த்துக்குவீங்களா?" என்றார், மெதுவாக. தலையாட்டினேன்.

அவர் கார் கிளம்பும்வரை மாரிமுத்து தன் மகனோடு வேப்பமரத்தடியில் காத்து நின்றார்.