சுண்ணாம்புக்குள் போன குதிரைகள்

ஐப்பசி 14, வியாழன்

ஊர் மண்டபத்துச் சுவரில் மங்கிக் கிடக்கும் குதிரை ஓவியங்களைக் காப்பாற்றச் சொல்லி எத்தனையோ மனு போட்டேன். இன்றுதான் தொல்லியல் அதிகாரி வந்தார். நான் போடிமெட்டு ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வருவதற்குள் மண்டபம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"ஆபீசர் வர்றாருல்லண்ணே, திருவிழாவுக்கு அடிக்கிற மாதிரி வெரசா அடிச்சு முடிச்சிட்டோம்," என்று சிரித்தான் பக்கத்து வீட்டு முருகன். கையெல்லாம் வெள்ளை. அவனை என்ன சொல்லித் திட்டுவது?

அதிகாரி சுவரை விரலால் தடவிப் பார்த்தார். "சுரண்டுனா படமும் சேர்ந்து வந்துரும். இனி எதைக் காட்டி நிதி கேட்டு எழுதுறது சார்?" என்றார். கிளம்பிப் போய்விட்டார்.

அவர் எதற்கு வருகிறார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. "ஆபீசர் வர்றாரு, மண்டபத்தைச் சுத்தமா வச்சிருங்கப்பா" என்று மட்டும் நேற்று முருகனிடம் போனில் சொன்னேன்.