ரால்ஃப் தள்ளிவிட்ட தோட்டாப் பெட்டி

பிப்ரவரி 6

மழை. எங்கள் கடுகுப் பயிரை இன்றும் காட்டுப்புறாக் கூட்டம் தின்கிறது. ரால்ஃப் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, அவை இறங்கும்போதெல்லாம் தொண்டைக்குள் முனகுகிறார். பக்கவாதம் வந்து ஐந்து மாதம். வலது கை, வலது கால் இரண்டும் போச்சு. பேச்சில் மிஞ்சியது "இல்ல" என்ற ஒரே வார்த்தை. டீ வேணுமா என்றால் "இல்ல" என்பார், கொடுத்தால் குடிப்பார். பசிக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான். அந்த டீயிலும் கெட்டியாக்கும் பொடியைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். தண்ணியாகக் கொடுத்தால் புரையேறி முகம் நீலம் பாரித்துவிடுகிறது.

அந்த முனகலை இனிமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. புருஷனுக்குப் பதிலாக நானே சுடப்போகிறேன். அறுபத்தொரு வயதில். லைசென்ஸ் போன வாரம் வந்துவிட்டது.

பிப்ரவரி 8

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். தோட்டாவில் இத்தனை தினுசா! இருபத்தொரு கிராம், இருபத்தெட்டு, முப்பது. ஏழரை நம்பர் ரவை சின்னது, குறி பழகப் பறக்கவிடும் மண் தட்டை உடைக்க. ஆறாம் நம்பர் பெரிசு, புறாவுக்கு. உள்ளே இருக்கும் தக்கை பிளாஸ்டிக்கா, நாரா? ஆடு மேயும் நிலம் என்றால் நார்தானாம். தலை சுற்றியது.

கடைக்காரர் என்ன துப்பாக்கி என்றார். குழல் அளவு பன்னிரண்டு போர், இரட்டைக் குழல், மாமனார் வைத்திருந்தது என்றேன். தோட்டா உட்காரும் அறை எவ்வளவு நீளம் என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னால் இரண்டு ஆண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சாதாரண அளவுதான்" என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டார். ஏழரை நம்பரில் ஒரு பெட்டி, ஆறாம் நம்பரில் ஒரு பெட்டி.

பிப்ரவரி 10

பெட்டியை ரால்ஃபின் மடியில் வைத்தேன், சந்தோஷப்படுவார் என்று. புரட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. இடது கையால் கீழே தள்ளிவிட்டார். "இல்ல. இல்ல. இல்ல." பூட்டிய இரும்பு அலமாரியைக் காட்டிக் காட்டிக் கத்தினார்.

புரிந்தது. அவருடைய துப்பாக்கியை நான் தொடக்கூடாது. முப்பத்தாறு வருஷத்தில் எண்ணெய் போடக்கூட விட்டதில்லையே. எனக்கு முன்னாலேயே இந்த வீட்டுக்கு வந்த மூத்த தாரம் என்று கேலி பேசுவேன். இப்போது பேச ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13

மறுபடி காட்டினேன். மறுபடி தள்ளினார். கட்டைவிரலைப் பெட்டியில் அழுத்திக்கொண்டே இருந்தார். 70 மி.மீ. என்று போட்டிருந்த இடம்.

அளவுதான் சந்தேகம் போல என்று தையல் டேப்பை எடுத்து அளந்தேன். தோட்டா ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்தான்! எழுபதே இல்லை. குழலில் வழுக்கிக்கொண்டு போனது, துப்பாக்கியும் சரியாக மூடியது. டேப்பை அவர் கண்முன் நீட்டிக் காட்டினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆக, அளவு ஒரு சாக்கு. நான்தான் வேண்டாம்.

பிப்ரவரி 17

பன்னிரண்டு சுட்டேன். ஒரு இறகுகூட விழவில்லை. துப்பாக்கி உதைத்த உதை கழுதை உதை. தோள் கத்திரிக்காய் நிறம்.

சிநேகிதி பெரில் ஹாக்கின்ஸ் நடத்தும் தட்டு சுடும் மைதானத்துக்குப் போய்ப் பழகலாம். ஆனால் ரால்ஃப் எப்படி இருக்கார் என்று கேட்பாள். அழுவேன். வேண்டாம்.

பிப்ரவரி 20

மத்தியானம் சட்டைப்பையில் தோட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேசையில் இருந்த பெட்டியை எடுத்து எறிந்தார். என் புருவத்தில் பட்டது. ஒரு கிலோவாவது இருக்கும். நாலு தையல்.

அதுக்கு நான் சொன்னது — எழுதிடறேன், யார்கிட்ட மறைக்க — "உன் துப்பாக்கியக் கட்டிக்கிட்டு நீயே அழு. உனக்குப் பேச்சு போனதே நல்லதாப் போச்சு."

அவரை நான் 'நீ' என்று சொன்னதே கிடையாது. அவர் அழுதார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 22

சமூகநலத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தையலைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். மூளை அடிபட்டவர்களுக்கு மூர்க்கம் வரும், உங்களால் தனியாகச் சமாளிக்க முடியாது, பராமரிப்பு இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகிறது என்றாள். பதமாகத்தான் சொன்னாள். கையெழுத்துப் போட்டேன். என்னைப் பிடிக்காத மனுஷனை எத்தனை நாள் துடைத்துக் கழுவி உட்கார வைப்பது?

மார்ச் 4

கூட்டிப் போய்விட்டார்கள். ஜன்னலோரம் நாற்காலிக் கால் பதிந்த நாலு பள்ளம் கம்பளத்தில்.

மார்ச் 5

புறாக்கள் வந்தன. முனக ஆளில்லை. தின்னட்டும்.

மார்ச் 9

வீட்டில் இருக்க முடியாமல் பெரிலிடம் போனேன். அவள் ரால்ஃபைப் பற்றிக் கேட்கவில்லை, ஊரே சொல்லியிருக்கும். வா, நில்லு, சுடு என்றாள். இரண்டு தட்டு பறந்தது, இரண்டும் முழுசாகவே போய் விழுந்தன. துப்பாக்கியைத் திறந்தேன். காலித் தோட்டா வெளியே வர மாட்டேன் என்றது. பெரில் பிடுங்கி எடுத்தாள். அதன் வாய் நைந்திருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

குழலைக் கழற்றிக் கவிழ்த்தாள். அடியில் பொடி எழுத்தில் 65 என்று செதுக்கியிருந்தது, தோட்டா அறையின் நீளமாம்.

நான் அளந்தேனே, ஐம்பத்தெட்டுதானே இருந்தது என்றேன். அவள் புதுத் தோட்டா ஒன்றையும் காலித் தோட்டா ஒன்றையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புதுசின் வாய் உள்பக்கமாக மடித்து மூடியிருக்கிறது. சுட்டதும் மடிப்பு விரிந்து நீளும். பெட்டியில் போட்டிருப்பது விரிந்த நீளம். என் துப்பாக்கியில் அது விரிய இடமில்லை. அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது.

"அதான் உன் தோள இந்த உதை உதைச்சிருக்கு," என்றாள். "குழல் வெடிச்சிருந்தா இடது கை போயிருக்கும்டி. கண்ணும் போயிருக்கும். துப்பாக்கி தெரிஞ்சவங்க யார்கிட்டயும் இதக் காட்டலியா நீ?"

"காட்டினேன். மூணு தடவ."

"யார்கிட்ட?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புருவத்துக் காயத்தை மறைத்திருந்த என் தொப்பியைக் கழற்றினாள்.

மார்ச் 10

ரால்ஃபின் வேட்டைக் கோட்டுப் பையில் பார்த்தேன். மூன்று தோட்டா. மூன்றிலும் 65. எழுதப் படிக்கத் தெரிந்தவள்தானே நான்? இந்தப் பையில் ஒரு நாள் கையை விட்டுப் பார்த்திருக்கக்கூடாதா?

மார்ச் 11

இல்லத்துக்குப் போனேன். அறுபத்தைந்தில் ஒரு பெட்டி வாங்கி, தோட்டாவையெல்லாம் வீட்டில் பூட்டிவிட்டு வெறும் பெட்டியை மட்டும் கொண்டுபோனேன். மடியில் வைத்தேன். எல்லாம் சொன்னேன், அந்த 'நீ' உட்பட. "மன்னிச்சிடுங்க. நீங்க காப்பாத்தப் பாத்தீங்க, நான் உங்களக் கொண்டுவந்து இங்க போட்டேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தள்ளவில்லை. தொடவும் இல்லை. "இல்ல"கூட வரவில்லை. உதடு வெடித்திருக்கிறது. கன்னம் உள்ளே போய்விட்டது.

அடம் பிடிக்கிறார், கோப்பையைத் தட்டிவிடுகிறார் என்று பணிப்பெண் புகார் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மார்ச் 12

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. என்ன செய்து இதை அழிப்பது?

மார்ச் 14

சாயங்கால டீ நேரத்துக்குப் போயிருந்தேன். பணிப்பெண் கோப்பையை அவர் வாயருகே கொண்டுபோனாள். இடது கையால் தள்ளினார். போர்வையெல்லாம் டீ.

"பாத்தீங்களா? தினம் இதே கதைதாம்மா," என்றாள்.

இந்தத் தடவை நான் கோப்பையைப் பார்த்தேன். கரண்டியை விட்டுத் தூக்கினேன். தண்ணியாக ஒழுகியது.

பொடி எங்கே என்று கேட்டேன். எந்தப் பொடி என்றாள். அவருடைய அட்டையை எடுத்து வரச்சொல்லிப் பார்த்தோம். குடிக்கக் கொடுப்பதைக் கெட்டியாக்க வேண்டுமா என்ற கட்டத்தை யாரும் நிரப்பவே இல்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. அவளைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது? பத்து நாள். பத்து நாளா அந்த மனுஷன் தொண்டை காய்ஞ்சு உக்காந்திருக்கார், சொல்லிக்கிட்டே இருந்திருக்கார்.

சமையலறையிலிருந்து பொடியைத் தேடிக் கொண்டுவந்தாள். நானே கலக்கினேன், மூன்று கரண்டி, நம் வீட்டுக் கணக்கு. கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். முழுக் கோப்பையும் உள்ளே போனது. இன்னொன்றும்.

அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வாரக்கணக்கில் ஆகுமாம், தருவார்களா என்பதும் நிச்சயமில்லையாம். வயலில் பாதி போய்விட்டது. போகட்டும்.

கிளம்பும்போது இடது கையை நீட்டி என் புருவத்துத் தழும்பைத் தொட்டார். "இல்ல," என்றார்.